ஆறு மைலுக்கு ஆறு மைல்

1878 வசந்த காலம். கென்டக்கி மாநிலத்தின் ஜார்ஜ்டவுன் பக்கமிருந்து கிளம்பிய ஒரு கூட்டம், கன்சாஸ் மாநிலத்தின் எல்லிஸ் என்ற சிறிய ரயில் நிலையத்தில் வந்து இறங்கியது. எல்லோரும் கறுப்பின மக்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வருடங்களுக்கு முன்புவரை அவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். எல்லிஸிலேயே தட்டம்மை பரவி, குழந்தைகள் சிலர் இறந்துபோனார்கள். புதைத்துவிட்டு மிச்சப் பேர் வண்டி கட்டிக்கொண்டு வடக்கே நகர்ந்தார்கள். சாலை என்று ஒன்றும் கிடையாது. மான்களும் காட்டெருமைகளும் நடந்த தடங்கள், கூடவே ஒரு திசைகாட்டி, அவ்வளவுதான்.

இரண்டு நாள் பயணம். முடிவில் ஆண்கள் ஊர் வந்துவிட்டது என்று உற்சாகமாகக் கத்தினார்கள். உடம்பு முடியாமல் இருந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண் தலையைத் தூக்கிப் பார்த்தார். வீடு இல்லை, கூரை இல்லை, ஒரு மரம்கூட இல்லை. ஊர் எங்கே என்று கேட்டார். கணவர் கைநீட்டிக் காட்டினார். தரையிலிருந்து அங்கங்கே புகை எழும்பிக்கொண்டிருந்தது. மண்ணைக் குடைந்து அதற்குள் மனிதர்கள் குடியிருந்தார்கள். அந்தப் புகைதான் ஊர். வில்லியானா அழ ஆரம்பித்தார்.

இதை அவரே பிற்காலத்தில் சொல்லி, 1937-ல் டொபீகா நகரப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. அந்த ஊரின் பெயர் நிக்கோடிமஸ். கன்சாஸின் கிரஹாம் கவுண்டியில், நிக்கோடிமஸ் டவுன்ஷிப்பில் இன்றும் இருக்கிறது.

இந்தக் காட்சியில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. வில்லியானாவின் கண்ணுக்குத் தெரியாத அந்த ஊர், அதே நாளில் அரசாங்க வரைபடத்தில் துல்லியமாகத் தெரிந்தது. டவுன்ஷிப் 8 தெற்கு, ரேஞ்ச் 21 மேற்கு. அடி பிசகாத கட்டம். அதற்குள் எண் போட்ட சின்னச் சின்னக் கட்டங்கள். தரையில் புகை மட்டும் இருக்கும்போது காகிதத்தில் எல்லாமே இருந்தது. காகிதத்துக்கும் தரைக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியில்தான் அந்த மக்கள் வாழ வேண்டியிருந்தது.

*

முதலில் இந்த டவுன்ஷிப் என்றால் என்ன? நம் காதில் அந்தச் சொல் விழுந்தால் நெய்வேலி மாதிரி ஒரு குடியிருப்பு ஞாபகம் வரும். அமெரிக்காவின் மத்திய மேற்கில் அது வேறு. அங்கே டவுன்ஷிப் என்பது அடிப்படையில் ஒரு சதுரம். ஆறு மைலுக்கு ஆறு மைல். முப்பத்தாறு சதுர மைல். அதில் ஒரு ஊர் இருக்கலாம், நாலு இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஊர் வருவதற்கு முன்பே டவுன்ஷிப் வந்துவிடும்.

இது 1785 மே 20-ல் நிறைவேறிய நில அவசரச் சட்டத்தின் குழந்தை. சுதந்திரப் போரை முடித்த புது நாட்டின் கையில் காசு இல்லை, கடன் இருந்தது. மேற்கே நிலம் இருந்தது. அதாவது அங்கே வாழ்ந்துகொண்டிருந்தவர்களைக் கணக்கில் எடுக்காவிட்டால் இருந்தது. நிலத்தை விற்க வேண்டும். விற்க வேண்டுமென்றால் அளக்க வேண்டும். ஆறு, மலை, ஓடை என்று எல்லை சொன்னால் வழக்குகள் முடியாது. அதனால் எதையும் பார்க்காமல் கோடு போடுவது என்று முடிவு செய்தார்கள். 1784-ல் இதற்கான முதல் வரைவைத் தயாரித்த குழுவின் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன். பென்சில்வேனியாவின் மேற்கு எல்லை ஓஹையோ ஆற்றைத் தொடும் இடத்தில், 1785 செப்டம்பர் கடைசியில், தாமஸ் ஹட்சின்ஸ் என்ற நில அளவையாளர் வேலையைத் தொடங்கினார். அந்த ஆரம்பப் புள்ளி இப்போது ஆற்றுத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

அளக்கும் கருவி குன்டர் சங்கிலி. எட்மண்ட் குன்டர் என்ற ஆங்கிலேயர் 1620 வாக்கில் உருவாக்கியது. 66 அடி நீளம், 100 கண்ணிகள். எண்பது சங்கிலி சேர்ந்தால் ஒரு மைல். பத்து சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஒரு ஏக்கர். இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு சின்ன அதிர்ச்சி. நாம் இன்றைக்கும் ‘அஞ்சு சென்ட் மனை’ என்கிறோமே, அந்த சென்ட் ஏக்கரில் நூறில் ஒரு பங்கு. அதாவது ஆயிரம் சதுரக் கண்ணிகள். 435.6 சதுர அடி என்ற அந்த விசித்திர எண் எங்கிருந்து வந்தது என்று எப்போதாவது யோசித்திருந்தால், பதில் அந்தச் சங்கிலியில்தான் இருக்கிறது. ஓஹையோ காட்டை அளந்த அதே சங்கிலிக் கணக்குதான் நம்முடைய பத்திரத்திலும் உட்கார்ந்திருக்கிறது.

சதுரத்தை முப்பத்தாறு செக்‌ஷனாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். 1796-க்குப் பிறகு எண் போடும் முறை ஒன்று நிலைத்தது. வடகிழக்கு மூலையில் ஒன்று. அங்கிருந்து மேற்கே ஆறு வரை. அப்புறம் ஒரு வரிசை கீழே இறங்கி, ஏழில் தொடங்கிக் கிழக்கே திரும்பிப் பன்னிரண்டு. மறுபடி மேற்கு. ஏர் பூட்டியவன் வயல் முனையில் மாட்டை மடக்கித் திருப்புவானே, அந்த மாதிரி. முப்பத்தாறு தென்கிழக்கு மூலையில் முடியும். 16-ஆம் எண் செக்‌ஷனைத் தொடக்கத்திலிருந்தே பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கினார்கள். கன்சாஸுக்கு 36-ஆம் எண்ணும் சேர்ந்துகொண்டது. அந்த நிலத்தில் வருகிற பணத்தில் பள்ளி நடத்த வேண்டும். இந்தத் திட்டத்தில் எனக்கு மனதாரப் பிடித்த ஒரே கட்டம் அந்தப் பதினாறுதான்.

பூமி உருண்டை, சதுரம் தட்டை. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றை ஒன்று நெருங்கும். அதனால் கணக்கு உதைக்கும். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை திருத்தக் கோடு போட்டு மறுபடி ஆரம்பிப்பார்கள். டவுன்ஷிப்புக்குள் கூடக் குறைய வரும் அளவை வடக்கு, மேற்கு ஓரச் செக்‌ஷன்களின் தலையில் கட்டுவார்கள். செக்‌ஷன் கோட்டின் மேலேயே சாலை போட்டதால், நேராக அம்பு மாதிரி போகும் மண்சாலை திடீரென்று காரணமே இல்லாமல் வலப்பக்கம் ஒடிந்து, மறுபடி நேராகும். பூமி உருண்டை என்பதற்கு அந்தச் சாலை வளைவும் ஒரு சாட்சி.

*

கன்சாஸுக்கு வருவோம். அதன் வட எல்லையே அளவையின் அடிக்கோடு: 40-ஆம் அட்சரேகை. அங்கிருந்து தெற்கே ஏழு டவுன்ஷிப் கடந்தால் எட்டாவது. ஆறாம் பிரதான மெரிடியனிலிருந்து மேற்கே இருபது ரேஞ்ச் கடந்தால் இருபத்தொன்றாவது. நிக்கோடிமஸின் முகவரி இதுதான். கிரஹாம் கவுண்டி மொத்தமும் ஐந்துக்கு ஐந்து, இருபத்தைந்து சதுரங்கள். சுமார் 900 சதுர மைல். நிர்வாகத்துக்காக இவற்றில் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்து அலோடியம், கெட்டிஸ்பர்க், ஹேப்பி, இண்டியானா என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். அவற்றில் ஒன்று நிக்கோடிமஸ்.

சாலமன் ஆற்றின் தென்கிளை மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது. ஓரத்தில் கொஞ்சம் மரங்கள். மற்றபடி புல்வெளி. உயரப் புல்லுக்கும் குட்டைப் புல்லுக்கும் நடுவில் இருக்கிற கலப்பு நிலம். கட்டுவதற்கு மரம் இல்லை, எரிப்பதற்கும் மரம் இல்லை. அதனால்தான் மேட்டைக் குடைந்து குழி வீடு. வசதி வந்தால் புல்லோடு சேர்த்து வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிச் சுவர்.

ஊருக்கு மேற்கே சுமார் 20 மைல் தூரத்தில் 100-ஆவது மேற்குத் தீர்க்கரேகை போகிறது. கண்ணுக்குத் தெரியாத கோடுதான், ஆனால் இது அரசாங்கம் போட்ட கோடு இல்லை, மழை போட்ட கோடு. அதற்குக் கிழக்கே ஆண்டுக்கு 20 அங்குலத்துக்கு மேல் மழை, பாசனம் இல்லாமல் பயிர் ஏறும். மேற்கே அது நிச்சயமில்லை. ஜான் வெஸ்லி பவல் என்ற நிலவியலாளர் இதை விவரித்து வறண்ட நிலங்கள் பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது 1878-ல். வில்லியானா அழுத அதே ஆண்டு. வறண்ட பகுதிக்கு 160 ஏக்கர் கணக்கு பொருந்தாது, மேய்ச்சல் பண்ணை என்றால் குடும்பத்துக்கு 2,560 ஏக்கராவது வேண்டும், எல்லைகளைத் தண்ணீரைப் பார்த்து வகுக்க வேண்டும் என்றார். யாரும் கேட்கவில்லை. ஏர் போகும் இடத்துக்கு மழை தானாகப் பின்னால் வரும் என்று படித்தவர்களே பேசிக்கொண்டிருந்த காலம். நிக்கோடிமஸ் அந்தக் கோட்டுக்குக் கிழக்கேதான் இருந்தது. ஆனால் மழைக்கோடு வரைபடத்துக் கோடு மாதிரி ஒரே இடத்தில் நிற்பதில்லை. வறட்சி வந்தால் அது கிழக்கே நகர்ந்து ஊருக்கு மேல் ஏறிவிடும்.

‘வெற்று நிலம்’ என்று எழுதிவிடக் கூடாது. சாலமன் பள்ளத்தாக்கில் பானி, காவ் இனத்தவர் வேட்டையாடினார்கள். செயன் இனத்தவருக்கும் அமெரிக்கக் குதிரைப்படைக்கும் 1857 ஜூலையில் இதே ஆற்றின் தென்கிளைக் கரையில் சண்டை நடந்தது. 1867-ல் மெடிசின் லாட்ஜ் ஒப்பந்தம் செயன், அரப்பஹோ மக்களைத் தெற்கே ஒதுக்கிடத்துக்குத் தள்ளியது. அடுத்த சில வருடங்களில் தோலுக்காகக் காட்டெருமைகளைச் சுட்டுத் தீர்த்தார்கள். 1877-ல் குடியேறிகள் வந்தபோது சமவெளியெங்கும் எலும்புகள் கிடந்தன. எலும்பைப் பொறுக்கி ரயிலடியில் விற்பது அன்றைய ஏழைக் குடியேறிகளுக்கு ஒரு வருமானம். ஒருவருடைய வாழ்வு முடிந்த இடத்தில்தான் இன்னொருவருடைய வாழ்வு தொடங்கியது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்களுக்குக் கிடைத்த நிலமும் யாரிடமிருந்தோ பறித்த நிலம்தான். இந்த முள்ளை எடுத்துப் போட்டுவிட்டுக் கதை சொல்ல முடியாது.

*

1877 ஏப்ரல். உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பின மக்களுக்குக் காவலாகத் தெற்கில் நின்றிருந்த கடைசிக் கூட்டாட்சிப் படைகளை வாஷிங்டன் திரும்பப் பெற்ற மாதம். தெற்கில் பழைய எஜமானர்களின் கை மறுபடி ஓங்கியது. அதே மாதத்தில் கன்சாஸில் நிக்கோடிமஸ் நகரக் கம்பெனி பதிவானது. ஏழு பேர். ஆறு பேர் கறுப்பினத்தவர், அவர்களில் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற போதகர் தலைவர். ஏழாவது ஆள் டபிள்யூ. ஆர். ஹில், வெள்ளைக்கார மனை வியாபாரி. கவுண்டித் தலைநகரான ஹில் சிட்டி இவர் பெயரில்தான் இருக்கிறது.

துண்டறிக்கைகள் அச்சாகிக் கென்டக்கியில் பரவின. செப்டம்பர் 5-ஆம் தேதி கன்சாஸ் போக 5 டாலர் என்றது லெக்சிங்டனில் கிடைத்த ஒன்று. 1862-ன் குடியேற்ற நிலச் சட்டப்படி ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் சொந்தம். வேறொருவர் நிலத்தில் வாரத்துக்கு உழுது கடனில் மூழ்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த எண் எப்படி ஒலித்திருக்கும்! ஒரு டவுன்ஷிப்பில் 36 செக்‌ஷன். செக்‌ஷனுக்கு நாலு கால்பகுதி. 144 வீடு. வீட்டுக்கு ஐந்து பேர் வைத்தாலும் 720 பேர். காகிதத்தில் பார்த்தால் ஒரு நாடு மாதிரி இருக்கும்.

பெயருக்கு இரண்டு கதை சொல்கிறார்கள். அடிமையாகக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் தன் விடுதலையைத் தானே விலைக்கு வாங்கிய ஒருவரின் பெயர் என்பது ஒன்று. விவிலியத்தின் நிக்கொதேமு என்பது மற்றொன்று. இரவில் இயேசுவைத் தேடி வந்து, வயதான மனிதன் மறுபடி எப்படிப் பிறக்க முடியும் என்று திகைத்தவர். இரண்டில் எது சரியாக இருந்தாலும் ஊருக்குப் பொருந்துகிறது.

ஜூலை மாதக் கடைசியில் முதல் முப்பது பேர். செப்டம்பரில் கென்டக்கியிலிருந்து முந்நூறுக்கும் அதிகமானவர்கள். குளிர் நெருங்கும் நேரத்தில், சொன்ன ஊர் இல்லாத இடத்தில் அவர்களைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். ஹில்லைத் தூக்கில் போட்டுவிடச் சிலர் தயாராக இருந்தார்கள் என்பது ஊர் வழக்கு. பல குடும்பங்கள் வந்த வழியே திரும்பின. கையில் காசு இருந்தவர்கள்தானே திரும்ப முடியும்? மற்றவர்கள் குழி தோண்டினார்கள். அந்தக் குழி ஒன்றில், அக்டோபர் கடைசியில், எம்மா வில்லியம்ஸ் என்பவருக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. ஹென்றி என்று பெயர். நிக்கோடிமஸில் பிறந்த முதல் குழந்தை.

அந்தக் குளிர்காலத்தை எப்படித் தாண்டினார்கள்? வேட்டை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் இனத்தவர் இறைச்சியில் பங்கு கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று தலைமுறை தலைமுறையாக ஊரில் சொல்லிவருகிறார்கள். அந்த ஓசேஜ் மக்களையும் சில வருடங்களுக்கு முன்புதான் கன்சாஸிலிருந்து வெளியேற்றியிருந்தார்கள். வசந்தம் வந்தபோது ஊர் முழுவதுக்கும் கைவிட்டு எண்ணும் அளவு குதிரைகள்தான். கலப்பை இல்லாதவர்கள் மண்வெட்டியால் கொத்தினார்கள். பிரெய்ரிப் புல்லின் வேர், மண்ணைப் பின்னிப் பிடித்திருக்கும். இரும்புக் கலப்பைக்கே திணறும் நிலம் அது.

*

இங்கே கணக்கெடுப்பைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

அமெரிக்கா நிலத்தை அளக்கத் தொடங்கியதும் ஆளை எண்ணத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே காலம். 1785-ல் சங்கிலி, 1790-ல் முதல் மக்கள்தொகைக் கணக்கு. நடுவில் 1787. அந்த ஒரே ஆண்டில் இரண்டு ஆவணங்கள். ஓஹையோவுக்கு வடமேற்கே உள்ள நிலத்தில் அடிமைமுறை கூடாது என்றது ஒன்று. பிரதிநிதிகள் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாகக் கொள்ளலாம் என்றது இன்னொன்று. அதுதான் அரசியல் சட்டம்.

1850, 1860 கணக்குகளில் அடிமைகளுக்குத் தனிப் படிவம். உடைமையாளர் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வரிசையாக வயது, பால், நிறம். பெயர் எழுதும் இடமே கிடையாது. 35, ஆண், கறுப்பு. 30, பெண், கறுப்பு. 4, பெண், கறுப்பு. யார் யாருக்கு என்ன உறவு என்று அந்தத் தாளிலிருந்து சொல்லவே முடியாது. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஒப்புக்கொள்ளாத நாடு, உறவை எதற்குக் குறிக்கப்போகிறது?

1870-ல்தான் எல்லோரையும் பெயர் சொல்லி எழுதினார்கள். 1880-ல் இன்னொரு பத்தி சேர்ந்தது: குடும்பத் தலைவருக்கு என்ன உறவு. நிக்கோடிமஸ் டவுன்ஷிப் முதன்முதலாக எண்ணப்பட்டது அந்த 1880-ல். ஊரும் சுற்றியுள்ள டவுன்ஷிப்பும் சேர்த்துக் கறுப்பினத்தவர் 258 பேர், வெள்ளையர் 58 பேர். மொத்தம் 316. ஒரு அரசாங்க ஆள் குழி வீட்டு வாசலில் குனிந்து நின்று உள்ளே இருப்பவர்களிடம் கேள்வி கேட்டு எழுதியிருக்கிறார். மனைவி. மகன். மகள். மாமியார். தொழில்: விவசாயி. இருபது வருடங்களுக்கு முன் அதே அரசாங்கத்தின் தாளில் பெயரில்லாத 30, பெண், கறுப்பாக இருந்த ஒருத்தி, இப்போது ஒரு பெயரோடு, ஒரு வீட்டில், ஒருவருக்கு மனைவியாகவும் சிலருக்குத் தாயாகவும் எழுதப்படுகிறாள். மக்கள்தொகைப் புள்ளிவிவரம் வறட்டு விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த 258 ஞாபகம் வந்துவிடும்.

எண்ணிக்கைக்கு அரசியல் பலனும் உடனே வந்தது. 1880-ல் கிரஹாம் கவுண்டி முறைப்படி அமைந்தபோது, நிக்கோடிமஸில் வந்து தங்கியிருந்த எட்வர்ட் மெக்கேப் என்ற இளைஞரைக் கவர்னர் தற்காலிகக் கவுண்டி எழுத்தராக நியமித்தார். இரண்டே வருடத்தில், 1882-ல், மெக்கேப் கன்சாஸ் மாநிலத்தின் தணிக்கையாளராகத் தேர்தலில் ஜெயித்தார். தெற்கில் கறுப்பினத்தவர் வாக்குச்சாவடிக்குப் போகவே பயப்பட ஆரம்பித்திருந்த நேரம் அது.

ஊர் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தது. பிளெட்சர் தம்பதி கட்டிய விடுதி, தேவாலயங்கள், பள்ளிக்கூடம், கடைகள். 1886-ல் ‘வெஸ்டர்ன் சைக்ளோன்’ என்று ஒரு பத்திரிகை, அடுத்த வருடம் ‘நிக்கோடிமஸ் என்டர்பிரைஸ்’ என்று இன்னொன்று. இவ்வளவு சின்ன ஊருக்கு இரண்டு பத்திரிகை!

*

அப்புறம் ரயில் வரவில்லை.

1887-ல் நிக்கோடிமஸ் மக்கள் மிசௌரி பசிபிக் ரயில்வேயை இழுக்க 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். பத்து வருடம் முன்பு குழிக்குள் கிடந்த ஜனம் 16,000 டாலருக்குப் பொறுப்பேற்க முன்வந்தது. அந்த ரயில் வரவே இல்லை. 1888-ல் யூனியன் பசிபிக் பாதை வந்தது, ஆனால் ஆற்றுக்குத் தெற்கே, சில மைல் தள்ளி. அங்கே போக் என்று ஒரு புது ஊர் முளைத்தது. கடைக்காரர்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு, சிலர் கட்டடத்தையே பெயர்த்துக்கொண்டு, ஆற்றைத் தாண்டிப் போனார்கள். இரண்டு பத்திரிகைகளும் நின்றன. கோதுமையை ரயிலடிக்குக் கொண்டுபோகிற தூரம்தான் அந்தக் காலத்தில் ஒரு ஊரின் ஆயுள் ரேகை. ஆற்றுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதில் எல்லாம் முடிந்துவிட்டது.

யார் போனார்கள், யார் தங்கினார்கள் என்று பெயர் பெயராகப் பார்க்க 1890 கணக்கெடுப்புத் தாள்கள் வேண்டும். அவை இல்லை. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் தீப்பிடித்து, பெரும்பகுதி எரிந்தும் நனைந்தும் நாசமானது. மிச்சத்தையும் பின்னால் அழித்துவிட்டார்கள். நிக்கோடிமஸின் வரலாற்றில் எந்த வருடத்துத் தாள் நமக்கு அதிகம் தேவையோ, அதுதான் இல்லை. நல்ல வேளையாகக் கன்சாஸ் மாநிலம் 1885, 1895 என்று ஐந்தில் முடியும் வருடங்களில் தனியாகக் கணக்கெடுத்தது. கன்சாஸுக்கு எங்கிருந்து வந்தீர்கள் என்ற கேள்வியும் அதில் உண்டு. முன்னோரைத் தேடுகிற வம்சாவளியினர் இன்றும் அந்தத் தாள்களைத்தான் புரட்டுகிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். கடைத்தெரு போனதால் உழவு போய்விடவில்லை. வணிகர்கள் போன பிறகும் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் குடும்பங்கள் இருந்தன. 1910-ல் கிரஹாம் கவுண்டியின் மக்கள்தொகை 8,700, அதுதான் உச்சம். 1918-ல் பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழுப்பினார்கள். பள்ளி மாவட்டத்தின் பெயர் நம்பர் 1. கவுண்டியிலேயே முதலாவது என்று அதற்கு அர்த்தம். எழுத்தறிவு குற்றமாக இருந்த தேசத்தின் பிள்ளைகள் தங்கள் கவுண்டிக்கு முதல் பள்ளி மாவட்டத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

1930-களில்தான் முதுகு ஒடிந்தது. பொருளாதார மந்தம் ஒரு பக்கம், வறட்சியும் புழுதிப் புயலும் மறுபக்கம். பவல் பயந்த அந்தக் கோடு கிழக்கே நகர்ந்து வந்து ஊர்மேல் உட்கார்ந்தது. புல் வேர் பின்னிப் பிடித்திருந்த மண், வேர் போனதும் காற்றில் எழும்பிப் போனது. 1935-ல் ஊரில் 76 பேர். 1950-ல் 16. 1953-ல் தபால் நிலையத்தை மூடினார்கள்.

இடையில் ஒரு விசித்திரம். ஊர் சுருங்கிக்கொண்டிருந்த 1939-ல், வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கும் அரசாங்கத் திட்டத்தில், சுண்ணாம்புக் கல்லில் ஒரு டவுன்ஷிப் மன்றம் கட்டினார்கள். டவுன்ஷிப்புக்கு ஒரு அறங்காவலர், ஒரு எழுத்தர், ஒரு பொருளாளர் உண்டு. மண்சாலையைப் பராமரிப்பது முதலான வேலைகளைப் பார்ப்பார்கள். கூட்டம், நடனம், விருந்து எல்லாம் அந்த மன்றத்தில்தான். ஊரில் இன்று நிற்கிற ஐந்து வரலாற்றுக் கட்டடங்களில் அதுவும் ஒன்று.

*

இந்தச் சரிவு நிக்கோடிமஸுக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைத்தால் தப்பு. கிரஹாம் கவுண்டியே 8,700-லிருந்து 2020-ல் 2,415-க்கு வந்துவிட்டது. டிராக்டர் வந்தது, அறுவடை இயந்திரம் வந்தது, நாலு குடும்பம் உழுத செக்‌ஷனை ஒரே ஆள் உழ முடிந்தது. அப்புறம் பக்கத்துச் செக்‌ஷனையும் அவரே வாங்கினார். பிள்ளைகள் டொபீகாவுக்கும் டென்வருக்கும் போனார்கள். 144 வீட்டுக்குப் போட்ட கட்டத்தில் நாலைந்து வீடுகளே போதும் என்றாகிவிட்டது. வெள்ளையர் டவுன்ஷிப்புகளும் இதே மாதிரிதான் காலியாயின. குடும்பத்துக்கு 2,560 ஏக்கர் என்று பவல் சொன்னதை நூறு வருடம் கழித்துச் சந்தை நடைமுறைப்படுத்தியது; ஊர்களைப் பலிகொடுத்து.

ஆனால் கறுப்பின விவசாயிகளுக்கு இதோடு இன்னொரு சுமையும் இருந்தது. 1920-ல் அமெரிக்காவில் கறுப்பினத்தவர் நடத்திய பண்ணைகள் சுமார் 9,25,000. இன்று அதில் மிகச் சிறிய பகுதிதான் மிச்சம். விதைப்பு நேரத்தில் கடன் கிடைத்தால்தான் விதை. அரசு வேளாண் துறையின் கடன் அலுவலகங்கள் கறுப்பின விவசாயிகளின் மனுக்களை இழுத்தடித்தன, மறுத்தன. இதை எதிர்த்து அவர்கள் தொடுத்த பிக்ஃபர்ட் வழக்கில் 1999-ல் சமரசத் தீர்வு வந்தது. அதற்குள் பலருடைய நிலம் ஏலம் போயிருந்தது. வறட்சி எல்லோர் மேலும் ஒரே மாதிரிதான் விழுகிறது. அதற்கு மறுநாள் வங்கி வாசலில் நிற்கும்போதுதான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியும்.

1996-ல் நிக்கோடிமஸை தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள். 1939-ல் கட்டிய டவுன்ஷிப் மன்றம் இப்போது பார்வையாளர் மையம்.

2020 கணக்கெடுப்பில் நிக்கோடிமஸின் மக்கள்தொகை 14.

இந்தப் பதினான்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. தனிநபர் விவரத்தை 72 வருடம் வெளியிடக் கூடாது என்பது அமெரிக்க விதி. 1950-ல் எண்ணப்பட்ட அந்தப் பதினாறு பேரின் பெயர்களை 2022 ஏப்ரலில்தான் பார்க்க முடிந்தது. 2020-ன் பெயர்கள் 2092-ல் வரும். ஆனால் கணினிக் காலத்தில், மிகச் சின்ன ஊர்களின் எண்ணிக்கையை வைத்தே ஆளை அடையாளம் கண்டுவிடலாம் என்று பயந்து, 2020-ல் ஒரு புது முறையைக் கொண்டுவந்தார்கள். மாநிலத்தின் மொத்தத்தை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே சின்னச் சின்ன இடங்களின் எண்களில் வேண்டுமென்றே கொஞ்சம் பிசகு கலப்பது. பெரிய நகரத்தில் அது தெரியாது. பதினான்கு பேர் ஊரில் ஓர் ஆள் கூடினாலும் குறைந்தாலும் பெரிய விஷயம். அந்த 14 உண்மையில் 12 ஆக இருக்கலாம், 17 ஆகவும் இருக்கலாம். பெயரே எழுதாமல் எண்ணப்பட்டவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள், பெயரைக் காப்பாற்றுவதற்காகவே எண்ணைக் கலைத்துவிட்ட ஒரு கணக்கில் இப்போது இருக்கிறார்கள். நோக்கம் நேர் எதிர், நல்லதும்கூட. ஆனாலும் ஒரு ஊர் இவ்வளவு சிறுத்துப்போனால் அரசாங்கத்தால் அதைச் சரியாகப் பார்க்கவே முடிவதில்லை.

கணக்கெடுப்பு நாள் ஏப்ரல் 1. ஏப்ரலில் அந்தச் சமவெளியில் கோதுமை பச்சையாக இருக்கும், காற்று விடாமல் அடிக்கும், ஊரில் ஆள் நடமாட்டம் அபூர்வம். ஜூலை கடைசி வாரம் போனால் காட்சி வேறு. 1878 முதல், வில்லியானா வந்து சேர்ந்த அந்த வருடம் முதல், விடுதலை நாள் விழா கொண்டாடுகிறார்கள். நாடெங்கும் சிதறிப்போன நிக்கோடிமஸ் வம்சாவளியினர் நூற்றுக்கணக்கில் வருகிறார்கள். 24-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிக் கார்கள் வரிசையாக நிற்கும். ஊர்வலம் போகிறது, தேவாலயத்தில் பாட்டு கேட்கிறது, டவுன்ஷிப் மன்றத்தில் சாப்பாடு நடக்கிறது. பாட்டி பெயரைச் சொன்னால் எந்தச் செக்‌ஷனில் அவர்கள் வீடு இருந்தது என்று காட்ட ஆள் இருக்கிறது. வெளியே இறைச்சி வாட்டும் அடுப்புகளிலிருந்து புகை எழும்புகிறது.

மூன்று நாள் கழித்து அவரவர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஜூலையில் எண்ணுவதற்கு யாரும் வருவதில்லை.